ஹெடர் ஃபைல் கிடைக்காத சி கோடை பார்ஸ் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு சி ப்ராஜெக்டில் எத்தனை ஃபங்ஷன் இருக்கிறது, எது எதைக் கூப்பிடுகிறது, எந்த ஸ்ட்ரக்டில் என்ன ஃபீல்டு இருக்கிறது என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எடுத்துவிடலாம் என்று உட்காருகிறோம். பார்சரை (கோடைப் படித்து அதன் அமைப்பை ஒரு மரமாகப் பிரித்துத் தரும் கருவி) நிறுவி, முதல் ஃபைலைக் கொடுத்ததும் நின்றுவிடுகிறது: ஏதோ ஒரு ஹெடர் ஃபைல் (பல ஃபைல்களுக்குப் பொதுவான அறிவிப்புகள் இருப்பது) கிடைக்கவில்லை. அதைத் தேடிப் போட்டால் அடுத்தது. அதையும் போட்டால், யாரும் கேள்விப்படாத இன்னொன்று. பலரும் இந்த இடத்தில் #இன்க்ளூட் வரிகளை எல்லாம் அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். சில சமயம் அது ஓடியும் விடுகிறது. அப்படி ஓடியதில் வந்த பதில் சரியா என்பதுதான் பெரிய பிரச்சினை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் கீவேர்டுகளையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். -ஐ, -டி, -இ, -எம் போன்ற ஓரெழுத்து ஆப்ஷன்களும், -எம்ஜி, -எம்எம் இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து. -வி, -சி, -ஓ, -எக்ஸ் நான்கும், -ஐசிஸ்டம் போன்ற நீளமான ஆப்ஷன்களும் சிறிய எழுத்து. டைப் செய்யும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஹெடர் இல்லாவிட்டால் பார்சருக்கு என்ன குறை?

"எனக்கு ஃபங்ஷன் பெயர் மட்டும் போதுமே, ஹெடர் எதற்கு?" என்ற கேள்வி நியாயமானது. பதில் சி மொழியின் இலக்கணத்திலேயே இருக்கிறது. இந்த ஒரு வரியைப் பாருங்கள்:

    அளவு * பெட்டி;

இது என்ன? 'அளவு' ஒரு டைப்டெஃப் (ஒரு டைப்புக்கு வைத்த வேறு பெயர்) என்றால், 'பெட்டி' என்ற பாயின்டரை அறிவிக்கிற வரி. 'அளவு' ஒரு வேரியபிள் என்றால், இரண்டையும் பெருக்கி விடையைத் தூக்கி எறிகிற வரி. எழுத்து ஒன்றுதான், மரம் வேறு. அதேபோல (அளவு)(பெட்டி) என்பது காஸ்டா, ஃபங்ஷன் காலா என்பதும் 'அளவு' யார் என்று தெரிந்தால்தான் தெரியும். சி பார்சர் படித்துக்கொண்டு போகும்போதே எந்தப் பெயர் டைப், எது டைப் இல்லை என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கம்பைலர் எழுதுகிறவர்கள் இதை 'லெக்சர் ஹேக்' என்பார்கள். அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் ஹெடரிலிருந்துதான் வருகிறது.

மேக்ரோ (கம்பைல் ஆகும் முன் வேறு கோடாக விரிகிற பெயர்) விஷயம் இதைவிட மோசம். லினக்ஸ் கெர்னலில் லிஸ்ட்_ஃபார்_ஈச்_என்ட்ரி என்று ஒரு மேக்ரோ உண்டு. கோடில் பார்த்தால் ஒரு ஃபங்ஷன் கால், அதன் பின்னால் செமிகோலன் இல்லாமல் நேராக நெளிவு அடைப்புக்குறி. மேக்ரோ விரிந்தால் அது ஒரு ஃபார் லூப். விரியாவிட்டால் சின்டாக்ஸ் எரர். விஏ_ஆர்க் இன்னொரு உதாரணம்: அதன் இரண்டாவது ஆர்க்யுமென்ட் ஒரு டைப்பின் பெயர். எந்த ஃபங்ஷன் காலிலும் டைப்பை ஆர்க்யுமென்டாகக் கொடுக்க முடியாது. எஸ்டிடிஆர்க்.ஹெச் வராவிட்டால் பார்சர் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

சத்தமே போடாத மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. #இஃப் வரியில் அறிவிக்கப்படாத பெயர் வந்தால் அதன் மதிப்பு 0 என்று சி தரநிலை சொல்கிறது. கான்ஃபிக்.ஹெச் கிடைக்காமல் போனால், அதை நம்பி இருக்கிற #இஃப் பகுதிகள் எல்லாம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காணாமல் போகும். -டபிள்யூஅன்டெஃப் என்று ஒரு ஃபிளாக் இருக்கிறது (முதல் எழுத்து மட்டும் பெரியது). அதைக் கொடுத்தால் இப்படிப்பட்ட இடங்களை கம்பைலர் காட்டிக்கொடுக்கும்.

## படி 1: உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஹெடரைத் தேடி அலைவதற்கு முன், கிடைக்கிற மரத்திலிருந்து என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பாதி வேலை அதில் குறையும்.

ஃபங்ஷன் பெயர், கமென்ட், ஃபைலின் அமைப்பு மட்டும் போதும் என்றால் ட்ரீ-சிட்டர் என்ற பார்சர் போதும். அது ப்ரீபிராசஸ் (இன்க்ளூட்களையும் மேக்ரோக்களையும் விரிப்பது) செய்யாது, ஹெடரைத் தேடாது, தப்பு இருக்கிற இடத்தை ஒரு எரர் நோடாகப் போட்டுவிட்டு மேலே போகும். மேலே சொன்ன பெருக்கல் வரியில் அது ஊகம்தான் செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் போதும்.

டைப்பின் பெயர் எழுதியபடியே வேண்டும், அதன் அளவு வேண்டாம் என்றால் பைதானில் எழுதிய பைசிபார்சர் என்ற பார்சரும் பொய் ஹெடர்களும் (படி 4) போதும். அளவு, ஆஃப்செட், உண்மையான டைப் எல்லாம் வேண்டும் என்றால், உதாரணமாக இன்னொரு மொழிக்கு பைண்டிங் (அந்த மொழியிலிருந்து சி ஃபங்ஷன்களைக் கூப்பிட வழிசெய்யும் கோடு) ஆக்குவதாக இருந்தால், அசல் ஹெடரும், கிளாங் கம்பைலரின் பார்சரை லைப்ரரியாகத் தரும் லிப்கிளாங்கும்தான். இதில் குறுக்கு வழி கிடையாது.

## படி 2: எதெல்லாம் இல்லை என்று ஒரே தடவையில் பட்டியல் எடுங்கள்

ஒரு ஹெடர் இல்லை என்றதும் கம்பைலர் நின்றுவிடும், அடுத்து எது இல்லை என்று சொல்லாது. ஒவ்வொன்றாக இப்படித் தேடினால் ஒரு நாள் போய்விடும். ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும் இதற்கு ஒரு வழி இருக்கிறது, ஏனோ அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை: -எம் -எம்ஜி.

-எம் என்பது ஒரு ஃபைல் எந்தெந்த ஹெடரை நம்பி இருக்கிறது என்று மேக்ஃபைல் விதியாக எழுதித் தருவது. கூடவே -எம்ஜி கொடுத்தால், கிடைக்காத ஹெடரை 'பின்னால் உருவாகப் போகிறது போலிருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு, எரர் விடாமல் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். கிடைத்த ஹெடர்கள் முழுப் பாதையோடு வரும். கிடைக்காதவை கோடில் எழுதியிருக்கிற மொட்டைப் பெயரோடு வரும். பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு பெயரிலும் டிஸ்க்கில் ஃபைல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை மட்டும் பிரித்தால் வேலை முடிந்தது.

-எம்எம் என்று ஒரு தம்பி ஆப்ஷனும் உண்டு. சிஸ்டம் ஹெடர்களை விட்டுவிட்டுப் பட்டியல் போடும். இந்த வேலைக்கு அதை எடுக்காதீர்கள், கோண அடைப்புக்குறியில் இருக்கிற ஹெடர் தொலைந்திருந்தால் அது பட்டியலில் வராமல் போகும்.

ஒரு தடவை ஓட்டினால் எல்லாம் வந்துவிடாது என்பதும் உண்மை. காணாமல் போன ஹெடருக்குள் இருக்கிற ஹெடர்கள் இன்னும் தெரியாதல்லவா? ஒரு சுற்று சரி செய்ததும் மறுபடி ஓட்டுங்கள். எனக்கு வழக்கமாக இரண்டு மூன்று சுற்றில் அடங்கிவிடும்.

## படி 3: எந்த வகை ஹெடர் என்று பிரித்துச் சரி செய்யுங்கள்

கிடைத்த பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு -ஐ (ஹெடரைத் தேட வேண்டிய டைரக்டரியைச் சொல்லும் ஆப்ஷன்) போட ஆரம்பிக்காதீர்கள். ஹெடர் எங்கிருந்து வர வேண்டியது என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

### கம்பைலரின் சொந்த ஹெடர்கள்

எஸ்டிடிடெஃப்.ஹெச், எஸ்டிடிஆர்க்.ஹெச் இரண்டும் சி லைப்ரரியோடு வருவதில்லை, கம்பைலரோடு வருகின்றன. பலருக்கும் இது தெரியாது. பைதானில் பிப் மூலம் லிப்கிளாங்கை நிறுவினால் லைப்ரரி ஃபைல் மட்டும்தான் வரும், இந்த ஹெடர்கள் வராது. அதனால்தான் டெர்மினலில் கிளாங் ஒழுங்காக ஓடுகிற அதே மெஷினில், பைதான் ஸ்கிரிப்ட் மட்டும் எஸ்டிடிடெஃப்.ஹெச் இல்லை என்று அழுகிறது.

தீர்வு எளிது. கிளாங் நிறுவியிருந்தால் 'கிளாங் -பிரின்ட்-ரிசோர்ஸ்-டிர்' என்று கொடுங்கள், ஒரு டைரக்டரியைச் சொல்லும். அதற்குள் இருக்கிற 'இன்க்ளூட்' டைரக்டரியை -ஐசிஸ்டம் ஆப்ஷனோடு லிப்கிளாங்குக்குக் கொடுத்தால் சரியாகிவிடும். லிப்கிளாங்கும் அந்தக் கிளாங்கும் ஒரே மேஜர் வெர்ஷனாக இருக்கட்டும். கையில் இருக்கிறதே என்று ஜிசிசியின் இன்க்ளூட் டைரக்டரியை லிப்கிளாங்குக்குக் கொடுக்காதீர்கள். எஸ்டிடிடெஃப்.ஹெச் அளவில் ஓடும். எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் போன்ற இன்ட்ரின்சிக் ஹெடர் ஏதாவது உள்ளே வந்தால், ஜிசிசிக்கு மட்டுமே தெரிந்த பில்ட்-இன்கள் அதில் இருக்கும், கிளாங் திணறிவிடும்.

### சி லைப்ரரியின் ஹெடர்கள்

எஸ்டிடிஐஓ.ஹெச்சே இல்லை என்றால் சி லைப்ரரியின் டெவலப்மென்ட் பேக்கேஜ் நிறுவப்படவில்லை. மெலிந்த கன்டெய்னர் இமேஜ்களில் இது சகஜம். டெபியன், உபுன்டுவில் அதன் பெயர் லிப்சி6-டெவ், ஆல்பைனில் மஸல்-டெவ். ஃபெடோராவில் கிலிப்சி-டெவல்.

நிறுவிய பிறகும் கிடைக்கவில்லை என்றால், உங்கள் கம்பைலர் எங்கெல்லாம் தேடுகிறது என்று அதனிடமே கேளுங்கள். 'ஜிசிசி -இ -வி -எக்ஸ் சி /டெவ்/நல்' என்று ஒரு காலி ஃபைலைக் கொடுத்தால், தேடும் டைரக்டரிகளை வரிசையாக அச்சிடும். அந்த வரிசையை மாற்றாமல் அப்படியே உங்கள் பார்சருக்குக் கொடுங்கள். வரிசை முக்கியம். சில ஹெடர்கள் #இன்க்ளூட்_நெக்ஸ்ட் என்ற குனு வசதியைப் பயன்படுத்தி, 'என் பெயரிலேயே அடுத்த டைரக்டரியில் இருக்கிற ஹெடரை எடு' என்று சொல்கின்றன. லிமிட்ஸ்.ஹெச் அப்படிப்பட்டது. வரிசை புரண்டால் அடுத்தது என்று ஒன்று இருக்காது.

டெபியன் வகை சிஸ்டங்களில் /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் மட்டும் போதாது. 'பிட்ஸ்', 'சிஸ்' போன்ற துணை டைரக்டரிகள் அதற்குள்ளே கட்டமைப்பின் பெயரில் இருக்கிற இன்னொரு டைரக்டரியில் இருக்கின்றன. 'பிட்ஸ்/லிப்சி-ஹெடர்-ஸ்டார்ட்.ஹெச் இல்லை' என்று வந்தால் பெரும்பாலும் இந்தப் பாதை விடுபட்டிருக்கும், அல்லது 64 பிட் மெஷினில் 32 பிட்டுக்கு உரிய ஹெடர்கள் இல்லாமல் -எம்32 கொடுத்திருப்பீர்கள் (இந்த எம் மட்டும் சிறிய எழுத்து).

மேக்ஓஎஸ்ஸில் 10.14 மொஹாவே முதல் /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் இயல்பாக இருப்பதில்லை. 'எக்ஸ்சிரன் --ஷோ-எஸ்டிகே-பாத்' சொல்கிற பாதையை -ஐசிஸ்ரூட் ஆப்ஷனோடு கொடுக்க வேண்டும்.

### வெளி லைப்ரரிகள்

இந்த வகைக்கு பிகேஜி-கான்ஃபிக் இருக்கிறது, கையால் பாதை தேடாதீர்கள். ஜிலிப் நல்ல உதாரணம். அதன் முக்கிய ஹெடர்கள் /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்டுக்கு உள்ளே இருக்கும். ஆனால் ஜிலிப்கான்ஃபிக்.ஹெச் மட்டும் லைப்ரரி இருக்கிற 'லிப்' பக்கத்தில், கட்டமைப்புக்கு ஏற்ற டைரக்டரியில் இருக்கும். முதல் பாதையைக் கண்டுபிடித்துப் போட்டவர்கள் எல்லோரும் இரண்டாவதில் தடுக்கி விழுவார்கள். 'பிகேஜி-கான்ஃபிக் --சிஃபிளாக்ஸ் ஜிலிப்-2.0' இரண்டையும் சேர்த்தே தரும்.

எந்த பேக்கேஜில் இந்த ஹெடர் இருக்கிறது என்றே தெரியவில்லையா? டெபியன் பக்கம் 'ஏபிடி-ஃபைல் சர்ச்', ஃபெடோரா பக்கம் 'டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்'. இரண்டும் நிறுவாத பேக்கேஜுக்குள்ளும் தேடும்.

### ப்ராஜெக்டின் சொந்த ஹெடர்கள்

ஹெடர் ரெப்போவிலேயே இருக்கும், பார்சருக்குத்தான் தெரியாது. ஒரு ஃபைன்ட் கட்டளையால் ஹெடர் இருக்கிற டைரக்டரிகளை எல்லாம் திரட்டி -ஐ போட்டுவிடலாம் என்று தோன்றும். நானும் செய்திருக்கிறேன். கொஞ்சம் பெரிய ப்ராஜெக்டில் 'கான்ஃபிக்.ஹெச்', 'யுடில்.ஹெச்' என்ற பெயரில் நாலைந்து ஃபைல் இருக்கும். எது முதலில் அகப்படுகிறதோ அதுதான் உள்ளே போகும், தப்பானது போனாலும் பார்ஸ் ஆகிவிடும்.

சரியான வழி, பில்டு எந்த ஃபிளாக்கோடு நடக்கிறதோ அதையே எடுத்துக்கொள்வது. அதற்குத்தான் கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன் இருக்கிறது. ஒவ்வொரு சி ஃபைலுக்கும் எந்த டைரக்டரியிலிருந்து, எந்தக் கட்டளையோடு கம்பைல் ஆகிறது என்று அதில் இருக்கும். சிமேக் என்ற பில்டு கருவியில் சிமேக்_எக்ஸ்போர்ட்_கம்பைல்_கமாண்ட்ஸ் என்பதை ஆன் செய்தால் மேக்ஃபைல், நிஞ்சா இரண்டு ஜெனரேட்டரிலும் அது உருவாகும். மீசான் என்ற பில்டு கருவி தானாகவே உருவாக்கும். வெறும் மேக்ஃபைல் ப்ராஜெக்ட் என்றால் பேர் என்ற கருவி உதவும் (கரடிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ அதுதான்). 'பேர் -- மேக்' என்று ஓட்டினால், பில்டு நடக்கும்போது கூப்பிடப்படுகிற ஒவ்வொரு கம்பைலர் கட்டளையையும் பிடித்து எழுதிவைக்கும். ஆனால் ஏற்கெனவே பில்டு ஆன ப்ராஜெக்டில் ஓட்டினால் கம்பைல் செய்ய ஒன்றும் இருக்காது, ஃபைல் காலியாக வரும். முதலில் கிளீன் செய்துவிட்டு ஓட்டுங்கள்.

அந்தக் கட்டளையை அப்படியே லிப்கிளாங்கிடம் நீட்டக் கூடாது. முதலில் இருக்கிற கம்பைலர் பெயர், -சி, -ஓவும் அதன் பின்னால் வருகிற அவுட்புட் பெயரும், கடைசியில் இருக்கிற சோர்ஸ் ஃபைல் பெயர், இவற்றை எடுத்துவிடுங்கள். சோர்ஸ் ஃபைல் பெயரைத் தனியாகக் கொடுக்கத்தானே போகிறோம். பாதைகள் '../இன்க்ளூட்' போல ஒப்புமைப் பாதையாக இருந்தால், அவை அந்தப் பதிவில் இருக்கிற 'டைரக்டரி' என்ற இடத்திலிருந்து கணக்காகும், உங்கள் ஸ்கிரிப்ட் ஓடுகிற இடத்திலிருந்து அல்ல. முழுப் பாதையாக மாற்றிக் கொடுப்பது நல்லது. கம்பைல்_கமாண்ட்ஸ் இருந்தும் ஹெடர் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் விழுவது இந்தக் குழியில்தான்.

அப்புறம், ஹெடர் ஃபைல்களுக்கு இதில் தனிப் பதிவு இருக்காது. ஒரு ஹெடரை மட்டும் பார்ஸ் செய்ய வேண்டுமென்றால், அதை இன்க்ளூட் செய்கிற ஏதாவது ஒரு சி ஃபைலின் ஃபிளாக்கைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

### பில்டின்போது உருவாகும் ஹெடர்கள்

ரெப்போ முழுக்கத் தேடினாலும் கிடைக்காத ஹெடர் இது. ஆட்டோகான்ஃப் உருவாக்கும் கான்ஃபிக்.ஹெச், பைசன் உருவாக்கும் டோக்கன் ஹெடர், கெர்னலின் 'ஜெனரேட்டட்/ஆட்டோகான்ஃப்.ஹெச்' எல்லாம் இந்த வகை. கான்ஃபிகர் செய்தாலே சில வந்துவிடும், சிலவற்றுக்கு பில்டு ஓட வேண்டும். பெயரோடு '.இன்' ஒட்டிய ஃபைல் ஒன்று ரெப்போவில் இருந்தால், உதாரணமாக கான்ஃபிக்.ஹெச்.இன், அதிலிருந்துதான் உருவாகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். இந்த ஹெடருக்குக் காலி ஃபைல் வைத்து ஏமாற்றினால், மேலே சொன்ன #இஃப் பிரச்சினை வரும்.

### வேறு சிஸ்டத்துக்கான ஹெடர்கள்

விண்டோஸ்.ஹெச்சை லினக்ஸில் தேடுவது போல. சில சமயம் ஹெடர் இருந்தும் கிடைக்காது: விண்டோஸில் எழுதியவர் முதல் எழுத்தைப் பெரியதாகப் போட்டிருப்பார், மிங்டபிள்யூ-டபிள்யூ64 ஹெடர் சிறிய எழுத்தில் இருக்கும். லினக்ஸில் இரண்டும் வேறு வேறு பெயர். எம்பெடட் கோடு என்றால் அந்த டூல்செயினின் சிஸ்ரூட்டைக் (அதன் ஹெடர்களும் லைப்ரரிகளும் இருக்கிற டைரக்டரி) கொடுங்கள், கூடவே டார்கெட்டையும் (எந்த மெஷினுக்கான கோடு என்பது). சிஸ்ரூட் மட்டும் கொடுத்து டார்கெட்டை மறந்தால், ஹெடர் அங்கிருந்து வரும், லாங் எத்தனை பைட் என்பது உங்கள் மெஷினிலிருந்து வரும். 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4.

## படி 4: அசல் கிடைக்காதபோது பொய் ஹெடர்

சில நேரம் அசல் ஹெடர் கிடைக்கவே கிடைக்காது. உரிமம் வாங்கினால்தான் கிடைக்கும் எஸ்டிகே, வழக்கொழிந்த லைப்ரரி, அல்லது யாரோ அனுப்பிய ஒற்றை சி ஃபைல். சில நேரம் கிடைத்தும் வேண்டாம்: பைசிபார்சர் சி99 தரநிலையும் அதற்குப் பிறகு வந்தவற்றில் கொஞ்சமும் படிக்கும், ஆனால் லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான கிலிப்சியின் அசல் ஹெடர்களில் நிறைந்திருக்கிற குனு நீட்டிப்புகளைப் படிக்காது.

பைசிபார்சரை எழுதியவர்கள் இதற்காகவே 'ஃபேக்_லிப்சி_இன்க்ளூட்' என்று ஒரு டைரக்டரி வைத்திருக்கிறார்கள். அதில் எஸ்டிடிஐஓ.ஹெச்சைத் திறந்தால் இரண்டே வரி: பொய் மேக்ரோக்கள் இருக்கிற ஃபைலையும் பொய் டைப்டெஃப்கள் இருக்கிற ஃபைலையும் இன்க்ளூட் செய்கிறது. அந்த டைப்டெஃப் ஃபைலில் சைஸ்_டி, ஃபைல் (இங்கே ஒரு டைப்பின் பெயர்) என வரிசையாக ஏறக்குறைய எல்லாமே இன்ட். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் யோசித்தால் சரிதான். பைசிபார்சர் டைப்பின் அளவைக் கணக்கிடுவதே இல்லை. மரத்தில் 'சைஸ்_டி' என்று எழுதியபடியே வைத்துக்கொள்ளும். அது ஒரு டைப் என்று தெரிந்தால் அதற்குப் போதும்.

இந்த டைரக்டரி பிப் மூலம் நிறுவும்போது வராது, சோர்ஸ் ரெப்போவின் 'யுடில்ஸ்' பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரீபிராசஸருக்கு -இ, அந்த டைரக்டரியோடு -ஐ, அவற்றோடு -நோஎஸ்டிடிஇன்க் இந்த மூன்றையும் கொடுங்கள். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், பொய் டைரக்டரியில் இல்லாத ஹெடரை ப்ரீபிராசஸர் அசல் டைரக்டரியிலிருந்து எடுத்துவந்துவிடும். பாதி பொய், பாதி அசல். எரர் எங்கோ ஒரு சிஸ்டம் ஹெடரின் நடுவில் வெடிக்கும்.

கோடிலேயே இருக்கிற அட்ரிப்யூட் (முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு) போன்ற குனு வார்த்தைகளை -டி மூலம் காலியாக்கலாம்: அட்ரிப்யூட்டை ஒரு ஆர்க்யுமென்ட் எடுக்கிற மேக்ரோவாக அறிவித்து, வலப்பக்கத்தைக் காலியாக விட்டால் அது மறைந்துவிடும். எக்ஸ்டென்ஷன், ரெஸ்ட்ரிக்ட் போன்றவற்றுக்கும் இதே வைத்தியம்.

சி லைப்ரரி அல்லாத ஹெடர்களுக்கு நான் செய்வது இது. படி 2இல் எடுத்த பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு பெயரிலும் ஒரு காலி ஃபைல், தனி டைரக்டரியில். டைப்டெஃப்களையும் மேக்ரோக்களையும் அந்தக் காலி ஃபைல்களில் பிரித்துப் பிரித்து எழுதுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எழுதி, -இன்க்ளூட் ஆப்ஷன் மூலம் ஒவ்வொரு சி ஃபைலுக்கும் முன்னால் தானாக நுழைய வைக்கிறேன். எது பொய் என்று பிறகு பார்க்க ஒரே இடம் இருக்கும். அந்த ஃபைல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

    டைப்டெஃப் ஸ்ட்ரக்ட் சாதனம் சாதனம்;
    டைப்டெஃப் இன்ட் நிலை_குறி;
    #டிஃபைன் ஒவ்வொன்றும்(ப, தலை) ஃபார் (;;)
    #டிஃபைன் ஏற்றுமதி

முதல் வரியைக் கவனியுங்கள். 'சாதனம்' என்பதை இன்ட் என்று சொல்லாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஸ்ட்ரக்ட் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். கோடு அதைப் பாயின்டராக மட்டும் பயன்படுத்தினால் பிரச்சினை இல்லை. யாராவது அதை மதிப்பாகப் பயன்படுத்தினால் கிளாங் எரர் விடும். அந்த எரர் வரட்டும் என்றுதான் இப்படி எழுதுவது.

பைசிபார்சரில் எரர் வரும்போது ஒரு தந்திரம் தெரிந்திருக்க வேண்டும். 'இந்த வார்த்தைக்கு முன்' என்று அது பெரும்பாலும் சுட்டிக்காட்டுவது, தெரியாத டைப்பை அல்ல, அதற்கு அடுத்து வருகிற பெயரை. சுட்டிய இடத்துக்கு இடப்பக்கம் இருக்கிற வார்த்தைதான் உங்கள் பொய் ஃபைலில் சேர வேண்டியது.

இன்னொன்று: இரட்டை மேற்கோளில் இருக்கிற #இன்க்ளூட், முதலில் அந்த ஃபைல் இருக்கிற டைரக்டரியில்தான் தேடும், பிறகுதான் -ஐ பாதைகளுக்கு வரும். அசல் ஹெடர் சி ஃபைலின் பக்கத்திலேயே இருந்தால், -ஐ மூலம் வைத்த பொய் அதை மறைக்காது.

டிஸ்க்கில் எழுத விருப்பமில்லை என்றால் லிப்கிளாங்கின் 'அன்சேவ்டு ஃபைல்ஸ்' வசதி இருக்கிறது. ஃபைல் பெயரையும் அதன் உள்ளடக்கத்தையும் ஜோடியாகக் கொடுத்தால், இருப்பது போலவே எடுத்துக்கொள்ளும். பெயரில் மட்டும் கவனம்: -ஐயில் './' என்று கொடுத்திருந்தால் ஹெடர் பெயரையும் './' சேர்த்தே கொடுங்கள்.

## படி 5: லிப்கிளாங் சொல்லாமல் விடுவதைக் கேட்டு வாங்குங்கள்

பைசிபார்சர் எரர் வந்தால் எக்செப்ஷன் விட்டு நின்றுவிடும். தொல்லைதான், ஆனால் நேர்மையான தொல்லை. லிப்கிளாங் அப்படி அல்ல. ஹெடர் கிடைக்காவிட்டாலும் ஒரு மரத்தைக் கையில் கொடுத்துவிடும். பைதானில் எந்த எக்செப்ஷனும் வராது. எரர்கள் எல்லாம் 'டயக்னாஸ்டிக்ஸ்' என்ற பட்டியலில் அமைதியாக உட்கார்ந்திருக்கும், நீங்களாகப் போய்ப் பார்த்தால்தான் உண்டு. ஆபத்து எங்கே என்றால், தெரியாத டைப்பை அது பெரும்பாலும் இன்ட் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறது.

இதில் நான் சூடுபட்ட கதை ஒன்று. ஒரு கருவியின் சி லைப்ரரிக்குப் பைதான் பைண்டிங் ஆக்கும் ஸ்கிரிப்ட் எழுதினேன். கருவி இயங்க ஆரம்பித்து எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று சொல்லும் ஃபங்ஷன் ஒன்று அதில் இருந்தது. திருப்பித் தருவது யுஇன்ட்64_டி. என் மெஷினில் லிப்கிளாங்குக்கு ஹெடர் பாதைகளைக் கொடுக்கவில்லை, எஸ்டிடிஇன்ட்.ஹெச் கிடைக்கவில்லை, டயக்னாஸ்டிக்ஸை நான் பார்க்கவில்லை. பைண்டிங்கில் அது இன்ட் ஆகிவிட்டது. டெஸ்ட் எல்லாம் பாஸ், ஏனென்றால் எந்த டெஸ்டும் சில நிமிடங்களுக்கு மேல் ஓடவில்லை. 32 பிட் இன்ட் 2147483647 வரைதான் தாங்கும், மில்லிசெகண்டில் அது 24 நாள் 20 மணி நேரம் சொச்சம். 25ஆவது நாள் கருவியின் வயது மைனஸில் வந்தது. பைண்டிங்கில் தப்பு இருக்கும் என்று கடைசிவரை யாருக்கும், எனக்கும், தோன்றவில்லை.

அதன் பிறகு எந்த லிப்கிளாங் ஸ்கிரிப்டிலும் பார்ஸ் முடிந்ததும் நான் எழுதும் முதல் வரி, டயக்னாஸ்டிக்ஸில் தீவிரம் 3 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நிறுத்துவது. 3 என்பது எரர், 4 என்பது ஃபேட்டல். கிடைக்காத ஹெடர் 4இல் வரும். முதல் ஃபேட்டலுக்குப் பிறகு வருகிற எரர்களைக் கிளாங் மறைத்துவிடும் என்பதால், எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள்.

ஹெடர் இல்லாமலும் முடிந்தவரை படிக்க வேண்டும் என்றால் 'கீப்-கோயிங்' என்ற பார்ஸ் ஆப்ஷன் இருக்கிறது, அதன் மதிப்பு 512. பைதான் பக்கம் அதற்குப் பெயர் இல்லாவிட்டால் எண்ணையே கொடுக்கலாம். ஃபேட்டலுக்குப் பிறகும் மற்ற எரர்களை எல்லாம் சொல்லும், மரமும் முழுமையாக வரும். எடிட்டர் போன்ற கருவிகளுக்கு அது சரி. பைண்டிங் ஆக்குவதற்கு அதைத் தொடாதீர்கள்.

## படி 6: கிடைத்த பதிலைக் கம்பைலரிடம் காட்டிச் சரிபாருங்கள்

முதலில் ஒரு சின்னச் சோதனை. மரத்தில் இருக்கிற ஃபங்ஷன்களில் உங்கள் ஃபைலில் உள்ளவற்றை மட்டும் எண்ணுங்கள், ஒவ்வொரு நோடும் எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று இரண்டு பார்சருமே சொல்லும். அதே ஃபைலைக் கம்பைல் செய்து, ஆப்ஜெக்ட் ஃபைலை 'என்எம்' கட்டளைக்குக் கொடுத்து அதில் எத்தனை ஃபங்ஷன் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இன்லைன் ஃபங்ஷன்களால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அப்படி என்எம் காட்டுகிற, ஆனால் மரத்தில் இல்லாத பெயர் ஒன்று அகப்பட்டால், ஏதோ ஒரு #இஃப் தப்பான பக்கம் திரும்பியிருக்கிறது.

அளவும் ஆஃப்செட்டும் எடுக்கிறவர்களுக்கு இன்னும் கறாரான வழி உண்டு. உங்கள் ஸ்கிரிப்டே ஒரு சி ஃபைலை எழுதட்டும். அதில் அசல் ஹெடரை இன்க்ளூட் செய்து, ஒவ்வொரு ஸ்ட்ரக்டுக்கும் ஒரு வரி: சி11இல் வந்த _ஸ்டாடிக்_அஸர்ட், அதற்குள் 'இந்த ஸ்ட்ரக்டின் சைஸ்ஆஃப் நான் கண்டுபிடித்த எண்ணுக்குச் சமம்'. ஃபீல்டுகளுக்கு ஆஃப்செட்ஆஃப் வைத்து அதே மாதிரி. ஃபங்ஷன் திருப்பித் தரும் டைப்புக்கும் ஒரு வரி சேர்க்கலாம், ஃபங்ஷன் காலின் மேல் சைஸ்ஆஃப் போட்டால் அந்த ஃபங்ஷன் ஓடாது, டைப்பின் அளவு மட்டும் வரும். பிறகு ப்ராஜெக்ட் எந்தக் கம்பைலரில், எந்த ஃபிளாக்கில் பில்டு ஆகிறதோ அதிலேயே இதைக் கம்பைல் செய்யுங்கள். ஓட்டக்கூடத் தேவையில்லை, கம்பைல் ஆனால் போதும். ஏதாவது ஒன்று தப்பாக இருந்தால், எந்த வரி என்று கம்பைலர் காட்டும். அந்த வரியில் இருக்கிற ஃபீல்டின் டைப் எந்த ஹெடரில் அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், தொலைந்த ஹெடர் பெரும்பாலும் அதுதான்.